கல்லீரல் தட்டைப்புழு: நத்தையைத் தேடிய வரலாறு

கல்லீரல் தட்டைப்புழு என்பது ஆடு, மாடு, எருமை முதலிய மேயும் விலங்குகளின் கல்லீரலிலும் பித்தநாளங்களிலும் வாழும் ஒட்டுண்ணி. சிறிய இலை வடிவில், பழுப்பு நிறத்தில், இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். இதன் அறிவியல் பெயர் ஃபாசியோலா ஹெப்பாட்டிக்கா. வெப்ப நாடுகளில் இதைவிட நீளமான ஃபாசியோலா ஜைஜான்டிக்கா என்ற இனம் காணப்படுகிறது. இவை உண்டாக்கும் நோய்க்கு ஃபாசியோலியாசிஸ் என்று பெயர். மனிதருக்கும் இந்நோய் வரும்.

இந்தப் புழுவைக் கண்ணால் பார்ப்பதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. ஆட்டை அறுத்து ஈரலைப் பிளந்தவர் எவரும் இதைப் பார்த்திருக்கலாம். ஆனால் அது ஈரலுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்க, நோய் முதன்முதலாக ஏட்டில் பதிவானதிலிருந்து 500 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. மேய்ப்பர்கள் பாதி விடையை வெகுகாலமாகவே வைத்திருந்தார்கள். மீதிப் பாதி, ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு சேற்று நத்தையின் உடலுக்குள் இருந்தது.

மேய்ப்பர்கள் அறிந்தது

இந்நோய் மந்தை வளர்ப்பைப் போலவே பழையது. சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரைகளில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்த புதிய கற்காலக் குடியிருப்புகளின் மண்ணைச் சலித்த ஆய்வாளர்கள் அதில் தட்டைப்புழு முட்டைகளைக் கண்டிருக்கிறார்கள்.

எழுத்துப் பதிவு பிரான்சில் தொடங்குகிறது. சிறுவயது முதல் ஆடு மேய்த்துப் பழகிய ஷான் த பிரி என்பவர், 1379இல் மன்னர் ஐந்தாம் சார்லஸின் விருப்பப்படி ஆடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மூல ஏடு இன்று இல்லை. 16ஆம் நூற்றாண்டில் அச்சான சுருக்கப் பதிப்புகள் வழியாகவே அது நமக்குக் கிடைத்துள்ளது. ஈரமான நிலத்தில் வளரும் ‘டோவ்’ என்ற செடியை ஆடு தின்றால் ஈரல் கெட்டு, அதில் புழு உண்டாகும் என்று அவர் எழுதினார். அந்தச் செடியின் பெயரே பின்னர் புழுவுக்கும் ஆகி, இன்றும் பிரெஞ்சு மொழியில் இப்புழுவுக்கு ‘டூவ்’ என்றுதான் பெயர்.

இதைப் படித்துச் சிரிப்பது எளிது. ஆனால் ஷான் த பிரி காரணத்தைத்தான் தவறாகச் சொன்னார். இடத்தைச் சரியாகச் சொன்னார். அந்தச் செடி எங்கே வளர்கிறதோ அங்கேதான் ஆடு நோயுறுகிறது. இங்கிலாந்திலும் இதே எண்ணம் இருந்தது. அங்கே சதுப்பு நிலத்தில் படரும் ஒரு சிறு கொடிக்கு ‘ஆட்டு அழுகல்’ என்று பெயர் வைத்தார்கள். லின்னேயஸ் நம் வல்லாரையோடு ஒரே பேரினத்தில் சேர்த்த செடி அது. பாவம், அந்தச் செடி எந்தத் தீங்கும் செய்யவில்லை. அது விரும்பும் ஈரத்தை வேறொன்றும் விரும்பியது, அவ்வளவே. 1523இல் இங்கிலாந்தில் வெளியான ஃபிட்ஸ்ஹெர்பர்ட்டின் வேளாண்மை நூலிலும் ஆட்டு ஈரலில் காணும் இப்புழுக்கள் பற்றியும், ஆட்டுக்குக் கேடு செய்யும் மேய்ச்சல் பற்றியும் குறிப்பு உண்டு.

மேய்ப்பர்களின் அறிவு இதோடு நிற்கவில்லை. தாழ்ந்த, நீர் தேங்கும் நிலம் ஆபத்தானது. மேட்டு நிலம் பாதுகாப்பானது. மழை மிகுந்த ஆண்டுக்குப் பின்வரும் குளிர்காலத்தில் ஆடுகள் சாகும். கடலோர உப்புச் சதுப்பில் மேய்ந்த ஆட்டுக்கு நோய் வருவதில்லை. ஆட்டின் கண் இமையைப் புரட்டிப் பார்த்து உள்தோல் வெளுத்திருந்தாலும், தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கினாலும் அது பிழைக்காது. இவை அனைத்தும் சரியான கவனிப்புகள்.

நோயின் தொடக்கத்தில் ஆடு சற்றே கொழுக்கும் என்பதையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டின வளர்ப்பாளர் ராபர்ட் பேக்வெல் பற்றி இதையொட்டி ஒரு கதை உண்டு. கசாப்புக்கு விற்கும் ஆடுகளை, வேண்டுமென்றே நீர் பாய்ச்சி ஈரமாக்கிய புல்வெளியில் மேயவிட்டு நோயுறச் செய்வாராம். வாங்கியவர் அவற்றை அறுக்காமல் வைத்துக்கொண்டு தம் உயர்ந்த இனத்தைப் பெருக்கிவிடக் கூடாது என்பதற்காக. உண்மையோ இல்லையோ, நத்தையைப் பற்றி எவருக்கும் எதுவும் தெரியாத காலத்தில், நோயை விரும்பியபோது வரவழைக்க முடியும் என்று நம்பும் அளவுக்கு மக்கள் அதன் போக்கை அறிந்திருந்தார்கள் என்பதற்கு இக்கதை சான்று.

புழுவும் பெயரும்

இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி 1668இல் வெளியிட்ட நூலில் இப்புழுவின் படத்தை முதன்முதலாக அச்சிட்டார். அழுகும் இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈ இட்ட முட்டையிலிருந்தே தோன்றுகிறது என்று சோதனையால் காட்டியவர் இவரே.

1698இல் டச்சு மருத்துவர் ஹோவர்ட் பிட்லோ, நுண்ணோக்கியால் புகழ்பெற்ற லேவன்ஹுக்குக்கு எழுதிய நீண்ட கடிதம் அச்சாகி வெளிவந்தது. பொருள், ஆட்டின் ஈரலில் காணும் புழுக்கள். புழுவுக்குள் முட்டைகள் இருப்பதை பிட்லோ கண்டிருந்தார். முட்டை இருக்குமானால் புழு தானாகத் தோன்றியிருக்க முடியாது; விலங்கு அதை வெளியிலிருந்தே விழுங்கியிருக்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் காலத்துக்கு இது துணிச்சலான கருத்து. அதற்குப் பின்னும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, உடலின் கெட்ட நீர்களிலிருந்தே புழுக்கள் உருவாகின்றன என்று கற்றவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1758இல் லின்னேயஸ் இதற்கு ஃபாசியோலா ஹெப்பாட்டிக்கா என்று பெயரிட்டார். ‘ஃபாசியோலா’ என்றால் சிறு பட்டை. ‘ஹெப்பாட்டிக்கா’ என்றால் ஈரலுக்குரியது. இப்புழு நன்னீரில் தனித்து வாழ்வதையும் தாம் கண்டதாக அவர் கருதினார். அவர் கண்டது பெரும்பாலும் பிளனேரியா என்ற வேறு தட்டைப்புழுவாக இருக்க வேண்டும். பெயரளவில் நிலைத்துவிட்ட அறிஞரின் சொல்லுக்கு எடை அதிகம். ஆடு குடிக்கும் நீரில் முழுப்புழுவே இருக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச் சேர்த்தது.

சிதறிக் கிடந்த துண்டுகள்

உண்மையில் தேவையான துண்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தன. அவை ஒரே விலங்கின் துண்டுகள் என்பதுதான் தெரியவில்லை.

17ஆம் நூற்றாண்டிலேயே டச்சு நாட்டவர் சுவாமர்டாம் நத்தையை அறுத்தபோது உள்ளே தலைப்பிரட்டை போன்ற நுண்ணிய உயிர்கள் நெளிவதைக் கண்டார். டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் 1773இல் அவ்வகை உயிர்கள் நீரில் நீந்துவதைப் பார்த்து, தனி விலங்கு என்று எண்ணி, ‘செர்கேரியா’ என்று பெயரிட்டார். வாலுள்ளது என்பது பொருள். 1818இல் போயானுஸ், நத்தைக்குள் வாழும் மஞ்சள் நிறப் புழுக்களின் உடலிலிருந்து இந்த வாலுயிர்கள் வெளிவருவதைப் பதிவுசெய்தார். 1837இல் கிரெப்ளின், கல்லீரல் தட்டைப்புழுவின் முட்டையிலிருந்து உடலெங்கும் நுண்மயிர் கொண்ட ஓர் இளவுயிரி பொரித்து வந்து நீந்துவதைக் கண்டார். முட்டையிலிருந்து வந்தது புழுவைப் போல இல்லை. நத்தையிலிருந்து வந்ததும் புழுவைப் போல இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவும் இல்லை.

இவற்றைக் கோத்த நூல் 1842இல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் எழுதிய ‘தலைமுறை மாற்றம்’ பற்றிய கோட்பாடு. சில விலங்குகளில் பிள்ளை தாயைப் போல இராது; அந்தப் பிள்ளையின் பிள்ளையும் வேறாக இருக்கும்; சில தலைமுறை கடந்தே முதல் வடிவம் திரும்ப வரும் என்றார் அவர். பேரன் பாட்டனைப் போல இருப்பதாக நாம் சொல்வது முகச்சாயலை வைத்து. இங்கே முழு உடலும் அப்படியே. செர்கேரியா என்பது தட்டைப்புழுவின் ஒரு தலைமுறையே என்று ஸ்டீன்ஸ்ட்ரப் உணர்த்திய பிறகு, கேள்வி கூர்மையானது. ஆட்டு ஈரல் புழுவின் இளமை எந்த நத்தைக்குள் கழிகிறது? ஐரோப்பாவில் நத்தை இனங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 1875இல் ஜெர்மனியின் வைன்லாண்ட், லிம்னேயா டிரங்கட்டுலா என்ற சிறு நத்தையில் இருந்த செர்கேரியாக்களைக் கண்டு இதுவாக இருக்கலாம் என்று ஊகித்தார். ஊகம் சரி, ஆனால் நிறுவப்படவில்லை.

1879ஆம் ஆண்டின் மழை

அறிவியலின் ஆர்வம் மட்டும் இந்தக் கேள்வியைத் தீர்த்திருக்குமா என்பது ஐயமே. தீர்த்துவைத்தது ஒரு பேரழிவு.

1879ஆம் ஆண்டின் கோடை இங்கிலாந்தில் நினைவில் நிற்கும் அளவுக்குக் குளிரும் மழையுமாகக் கழிந்தது. பயிர் அழுகியது. அடுத்த குளிர்காலத்தில் ஆடுகள் சாகத் தொடங்கின. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த நோயால் இறந்தவை 30 லட்சம் என்று மதிப்பிடப்பட்டது. 1830–31லும் இதுபோன்ற கொள்ளைநோய் வந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகளைக் கொன்றிருந்தது. ஆனால் இம்முறை தானிய விலை வீழ்ச்சியால் விவசாயிகள் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். குத்தகை கட்டுவதற்கு ஆட்டையே நம்பியிருந்த குடும்பங்கள் பல நொடித்தன.

ஆக்ஸ்ஃபோர்டில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ரோலஸ்டன் 1880இல் ‘டைம்ஸ்’ இதழுக்கு இந்நோய் பற்றிக் கடிதம் எழுதினார். ஓடில்லாத கருநத்தை ஒன்றின் மீது அவருக்குச் சந்தேகம் இருந்தது. இங்கிலாந்து அரச வேளாண் சங்கம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. ரோலஸ்டனுக்கு வேறு பணிகள் இருந்ததால், தம் துறையில் செயல்முறை ஆசிரியராக இருந்த ஏ. பி. தாமஸை அதற்குப் பரிந்துரைத்தார். தாமஸுக்கு அப்போது வயது 23.

தாமஸின் முறை எளிமையானது, பொறுமையைக் கோருவது. நோயுற்ற ஆடுகள் மேய்ந்த வயல்களுக்குப் போய் அங்குள்ள நத்தைகளை எல்லாம் சேகரிப்பார். ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்ப்பார். மறுபுறம், அறுத்த ஆடுகளின் பித்தப்பையிலிருந்து முட்டைகளை எடுத்து நீரில் பொரிக்கவிட்டு, பலவகை நத்தைகளை அந்த நீரில் விடுவார். முட்டைக்குப் பஞ்சமே இல்லை. சுமார் 200 புழுக்கள் இருந்த ஓர் ஆட்டின் பித்தப்பையில் மட்டும் 74 லட்சம் முட்டைகள் இருந்ததாக அவர் கணக்கிட்டார்.

1880 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் வைதம் என்ற ஊரின் மேய்ச்சல் நிலத்தில், லிம்னேயா டிரங்கட்டுலா நத்தைக்குள் ஒருவகைச் செர்கேரியாவைக் கண்டார். நத்தையிலிருந்து வெளிவந்ததும் அவை ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றி ஒரு கூட்டைச் சுரந்து அடங்கின. இதுதான் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் நிறுவுவதற்கு, நோயற்ற நத்தைகள் ஏராளமாக வேண்டும்; அவற்றை முட்டையிலிருந்து பொரித்த உயிரிகளுக்கு ஆட்படுத்தி, வளர்ச்சியைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். 1881 முழுவதும் தேடியும் அந்த நத்தை போதிய அளவில் கிடைக்கவில்லை. முந்தைய ஆண்டு இருந்த இடத்திலும் இல்லை. அந்த ஆண்டிலேயே ரோலஸ்டனும் இறந்துவிட்டார்.

இதற்கிடையில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ருடால்ஃப் லாய்க்கார்ட்டும் இதே ஆய்வில் இருந்தார். அவர் அந்நாளில் ஒட்டுண்ணியியலின் முதன்மை அறிஞர். தாமஸ் பெயரறியாத இளைஞர். லாய்க்கார்ட் 1881இல் லிம்னேயா பெரிகிரா என்ற வேறொரு நத்தையில் புழுவின் முதல் நிலைகளை வளர்த்துவிட்டார். ஆனால் அந்த இனத்தின் மிக இளைய நத்தைகளில் மட்டுமே அவை தொற்றின. அங்கும் வளர்ச்சி முழுமை பெறவில்லை. ஏறத்தாழச் சரியான வாசல். ஆனால் கதவு திறக்கவில்லை.

1882 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசிஸ் ஆறு கரை புரண்டது. வெள்ளம் வடிந்த புல்வெளிகளில், தாமஸ் ஓராண்டுக்கு மேலாகத் தேடிய நத்தை எண்ணற்றுக் கிடந்தது. அள்ளிக்கொண்டு வந்து சோதனையைத் தொடங்கினார். மற்ற நத்தைகளைப் பொருட்படுத்தாத இளவுயிரிகள், இந்த நத்தையைக் கண்டதும் துளைத்து உள்ளே போயின. கொள்ளைநோயைக் கொண்டுவந்த மழைதான் அதன் மூலத்தையும் கையில் கொடுத்தது.

1882 அக்டோபரில், லாய்க்கார்ட்டின் கட்டுரை ஜெர்மன் இதழிலும், சில நாள் கழித்துத் தாமஸின் குறிப்பு ‘நேச்சர்’ இதழிலும் வெளிவந்தன. இருவரும் தனித்தனியே ஒரே நத்தையை வந்தடைந்திருந்தார்கள். தாமஸின் முழு விளக்கமும் படங்களும் 1883இல் வெளியாயின. யார் முதலில் என்ற கேள்விக்கு நாட்காட்டி லாய்க்கார்ட்டைக் காட்டும். ஆனால் இன்று படித்தாலும் தெளிவு குறையாதது தாமஸின் கட்டுரைதான். இரு பெயரையும் சேர்த்துச் சொல்வதே வழக்கமாகிவிட்டது.

அவர்கள் கண்ட சுழற்சி

ஆட்டின் சாணத்தோடு வெளியேறும் முட்டை ஈரத்தில் விழ வேண்டும். கோடை வெப்பத்தில் இரண்டு மூன்று வாரங்களில் பொரிக்கும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே வளராது. பொரித்து வரும் மிராசிடியம் நீந்திப் போய் நத்தையை அடைய ஏறத்தாழ ஒரு நாள்தான் அவகாசம். அது உண்பதில்லை, கிடைக்காவிட்டால் மடியும்.

நத்தைக்குள் புகுந்ததும் நுண்மயிரை உதிர்த்து ஒரு பையாக மாறுகிறது. அது ஸ்போரோசிஸ்ட். அதற்குள் ரெடியாக்கள் உருவாகின்றன. போயானுஸ் கண்டது இவ்வகை உயிர்களையே. ரெடியாவுக்கு வாயும் குடலும் உண்டு. நத்தையின் உறுப்பைத் தின்று வளர்ந்து, உள்ளே செர்கேரியாக்களைப் பெருக்குகிறது. நத்தைக்குள் நுழைந்தது ஒன்று. வெளியே வருவது பல நூறு. ஆட்டின் ஈரலில் புழு இடும் முட்டைகளில் மிகப் பெரும்பாலானவை வீணாவதை இந்த இரண்டாம் பெருக்கம் ஈடுசெய்துவிடுகிறது. ஒரே மழைக்காலத்தில் நோய் திடீரென்று வெடிப்பதன் கணக்கும் இதில்தான் இருக்கிறது.

வெளிவரும் செர்கேரியா புல்லின் தண்டில் ஒட்டி, வாலை உதிர்த்து, கூடு கட்டி அடங்குகிறது. அந்தக் கூடு மெட்டாசெர்கேரியா. குளிர்ந்த ஈரத்தில் அது பல மாதம் உயிரோடு இருக்கும். வெயிலில் காய்ந்தால் மடியும்.

மேய்ப்பர்களின் பழைய கவனிப்புகள் எல்லாம் இப்போது பொருள் பெற்றன. இந்த நத்தை ஆழமான நீரில் வாழ்வதில்லை; ஊற்றுக் கசியும் சேற்றிலும், கால்வாய் ஓரத்திலும், மாட்டுக் குளம்படியில் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. அதனால்தான் குளத்தில் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. வறட்சியில் மண்ணுக்குள் புதைந்து பல மாதம் தாக்குப்பிடிக்கிறது. 1881இல் தாமஸின் கண்ணில் படாமல் போனதற்கு இது காரணமாக இருக்கலாம். உப்பு நீர் அதற்கு ஆகாது. ஆகவே உப்புச் சதுப்பில் நோயில்லை. கோடையில் தொற்றிய புழு வளர்ந்து தீங்கு செய்ய மாதங்கள் ஆகும். ஆகவே சாவு குளிர்காலத்தில்.

விடுபட்ட கண்ணி

ஒரு கண்ணி மட்டும் இன்னும் கோக்கப்படவில்லை. கூட்டை ஆடு புல்லோடு தின்றுதான் நோய் வருகிறது என்று எல்லோரும் ஏற்றார்கள். ஆனால் தின்னக் கொடுத்து நிறுவியவர் இல்லை. அதைச் செய்தவர் பிரேசில் நாட்டு மருத்துவர் அடோல்ஃபோ லுட்ஸ். தொழுநோயாளருக்கு மருத்துவம் செய்ய ஹவாய்த் தீவுக்குப் போயிருந்த அவர், அங்கு மாடுகளில் பரவியிருந்த தட்டைப்புழுவைக் கவனித்து, கூடுகளை விலங்குகளுக்கு ஊட்டி, அவற்றின் ஈரலில் புழு வளர்வதை 1890களின் தொடக்கத்தில் காட்டினார். அவர் கையாண்டது பெரும்பாலும் ஜைஜான்டிக்கா இனமே.

குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் வழி பற்றியும் தவறான எண்ணம் இருந்தது. பித்தநாளத்தின் வாயில் வழியே மேலேறிப் போகிறது என்று கருதினார்கள். அதுதானே குறுக்குவழி. ரஷ்ய விலங்கியலாளர் சினிட்சின் 1914இல் வேறொன்றைக் காட்டினார். இளம்புழு குடற்சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் வந்து, ஈரலின் மேலுறையைத் துளைத்து உள்ளே புகுகிறது. பிறகு ஆறேழு வாரம் ஈரலைத் தின்றபடி அலைந்துதான் பித்தநாளத்தை அடைகிறது. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் புகுந்தால், சாணத்தில் ஒரு முட்டைகூடத் தோன்றும் முன்பே ஆடு உள்ளே இரத்தம் கசிந்து செத்துப்போவது இதனால்தான். சாணத்தைச் சோதித்து நோயில்லை என்று சொல்லிவிட முடியாது என்ற பாடம் கால்நடை மருத்துவத்துக்கு இங்கிருந்து வந்தது.

தாமஸ் இவற்றில் பங்குகொள்ளவில்லை. 1883இலேயே நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் பேராசிரியராகப் போய், அங்கே 1886இல் தரவேரா எரிமலை வெடித்தபோது அதை ஆராய்ந்து எழுதினார். 1937இல் சர் பட்டம் பெற்று, அதே ஆண்டில் இறந்தார். தட்டைப்புழுவுக்கு அவர் கொடுத்தது மூன்றே ஆண்டுகள்.

ஆனால் அவரும் லாய்க்கார்ட்டும் காட்டிய வழி மனித மருத்துவத்துக்கும் பயன்பட்டது. தட்டைப்புழு இனத்துக்கு நத்தை வேண்டும் என்று தெரிந்த பிறகு, சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோயின் நத்தையை ஜப்பானில் மியாயிரியும் சுசுகியும் 1913இலும், எகிப்தில் லைப்பர் 1915இலும் கண்டுபிடித்தார்கள். உலகில் கோடிக்கணக்கானோரைப் பீடித்த நோய் அது.

மருந்தும் வானிலையும்

தாமஸின் அறிவுரைகள் வடிகால் வெட்டுதல், நோயுற்ற ஆட்டை ஈர நிலத்தில் விடாதிருத்தல், உப்பும் சுண்ணாம்பும் தூவுதல் என்ற அளவில் இருந்தன. மருந்து 1920களில் வந்தது: கார்பன் டெட்ராகுளோரைடு. புழுவைக் கொன்றது, சில நேரம் ஆட்டையும் கொன்றது. அதற்குப் பின் வந்த பல மருந்துகளும் முதிர்ந்த புழுவையே கொன்றன. ஈரலைக் குடையும் இளம்புழுவுக்கு அஞ்சவில்லை. 1983 அளவில் கால்நடைக்கு வந்த டிரைகிளாபெண்டசோல்தான் இரண்டையும் கொன்றது. அதையே திரும்பத் திரும்பக் கொடுத்ததன் விலையாக, அம்மருந்துக்கு மசியாத புழுக்கள் 1995இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிவிக்கப்பட்டன. பின்னர் ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் காணப்பட்டன.

இடையில் 1959இல் பிரிட்டனில் ஆலரன்ஷாவும் ரோலண்ட்ஸும் மழை நாட்கள், மழையளவு, நீர் ஆவியாகும் அளவு ஆகியவற்றைக் கொண்டு, வரும் குளிர்காலத்தில் நோய் எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு வாய்பாட்டை வகுத்தார்கள். ‘மழை ஆண்டுக்குப் பின் ஆடு சாகும்’ என்ற மேய்ப்பர் சொல் எண்களில் எழுதப்பட்டது என்றே இதைச் சொல்லலாம்.

மனிதரில்

மனிதருக்கு இந்நோய் தற்செயலாக வருவது என்றே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பாடநூல்கள் எழுதின. பிரான்சில் ஓடைக்கரையில் வளரும் நீர்க்கீரையைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு வந்ததுதான் எடுத்துக்காட்டு. 1989இல் ஈரானின் காஸ்பியன் கடலோர கீலான் மாகாணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது அந்த எண்ணம் தகர்ந்தது. பொலிவியாவில் டிடிகாகா ஏரியை ஒட்டிய, 3,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த சமவெளியில் சில ஊர்களில் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்று இருந்தது. அங்கே முன்பு புழுவும் இருக்கவில்லை, அந்த நத்தையும் இருக்கவில்லை. இரண்டும் ஐரோப்பியர் கொண்டுவந்த கால்நடைகளோடு கடல் கடந்து வந்தவை. உலகில் குறைந்தது 24 லட்சம் பேருக்கு இத்தொற்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மனிதருக்கும் மருந்து டிரைகிளாபெண்டசோலே. மற்றத் தட்டைப்புழுக்களுக்குக் கைகண்ட மருந்தான பிராசிகுவாண்டல் இதனிடம் பலிப்பதில்லை.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைக் குறிப்பிட வேண்டும். புழு இருந்த ஈரலைச் சமைத்துத் தின்றால் இந்நோய் வராது. தொற்றுவது இலையில் ஒட்டிய கூட்டாலோ, கூடு மிதக்கும் நீராலோதான். ஆனால் அந்த ஈரலில் இருந்த முட்டைகள் செரிக்காமல் மலத்தில் வெளியேறி, ஆய்வகத்தில் ‘நோய் உண்டு’ என்று தவறாகக் காட்டிவிடும். அதனால் சில நாள் ஈரல் உண்ணாமல் இருந்து மறுபடி சோதிப்பார்கள்.

கல்லீரல் தட்டைப்புழு என்ற பெயரிலேயே கிழக்காசியாவில் குளோனோர்கிஸ் என்ற வேறொரு புழு மனிதரைத் தாக்குகிறது. அது சமைக்காத மீன் வழியாக வருவது. பித்தநாளப் புற்றுக்குக் காரணமாவது. 1874இல் அதை முதன்முதலாகக் கண்டவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பிணப் பரிசோதனை செய்த மக்கானல். இறந்தவர் ஒரு சீனர். இரண்டு புழுக்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நெல் வயலின் புழு

தென்னாசியாவின் சமவெளிகளில் மாட்டையும் எருமையையும் ஆட்டையும் தாக்குவது பெரும்பாலும் ஃபாசியோலா ஜைஜான்டிக்கா. 1855இல் இதை விவரித்துப் பெயரிட்டவர் கோபோல்ட் என்ற ஆங்கிலேயர். அவருக்கு இது கிடைத்தது ஊர் ஊராகச் சென்ற ஒரு விலங்குக் காட்சியில் இருந்த ஒட்டகச்சிவிங்கியின் ஈரலில்!

இதன் நத்தை வேறு. லிம்னேயா ஆரிகுலேரியா குழுவைச் சேர்ந்த அது தாமஸின் நத்தையைப் போலச் சேற்றில் ஊர்வதில்லை; நிலையான நீரிலேயே வாழ்கிறது. குளம், வாய்க்கால், நீர் நிற்கும் வயல் எல்லாம் அதன் இடங்கள். ஆகவே ‘நிலத்தில் வடிகால் வெட்டு’ என்ற இங்கிலாந்தின் மருந்து இங்கே செல்லாது. நெல்லுக்கு நீர் நிற்க வேண்டும். கோடையில் குளம் வற்றும்போது நிலைமை மோசமாகிறது. எஞ்சிய குட்டையில் நத்தைகளும், நீர் தேடி வந்த மாடுகளும், பசுமையான ஒரே புல்லும் ஓரிடத்தில் கூடுகின்றன.

நெற்றாளில் நீருக்குள் இருந்த அடிப்பகுதியில்தான் கூடுகள் அதிகம் ஒட்டியிருக்கும் என்பது இந்தோனேசிய வயல்களில் செய்த ஆய்வுகளில் தெரியவந்தது. எனவே பச்சைத் தாளைத் தீவனமாகக் கொடுப்பவர்கள் அடியை விட்டு மேற்பகுதியை அறுத்துப் போடுவதும், வைக்கோலை அறுத்த கையோடு போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் போடுவதும், சாணத்தைக் குளக்கரையில் கொட்டாமல் குப்பைக்குழியில் மக்கவிடுவதும் பரிந்துரைக்கப்படுகின்றன. மக்கும் சாணத்தின் சூட்டில் முட்டைகள் அழியும். வாத்து நத்தையைத் தின்னும். மருந்து கொடுப்பதானால் மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில், ஒரே மருந்தையே ஆண்டுதோறும் தொடராமல் கொடுக்கிறார்கள்.